வண்டிக்கு வெளியே மாட்டுவதெல்லாம் யாருக்காக?

புதுக் கார் வாங்குகிறவர் பெரும்பாலும் ஷோரூமோடு நிறுத்திக்கொள்வதில்லை. கோயிலில் பூஜை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய கையோடு வண்டி ஆக்சஸரீஸ் கடைக்குப் போகிறது. சென்னையில் ஜி.பி. ரோடு இதற்குப் பேர்போனது. மற்ற ஊர்களில் பைபாஸ் ஓரம் நாலைந்து கடைகளாவது இருக்கும். முன்னால் கிராஷ் கார்டு, கதவு மேல் மழைச்சாரல் தடுக்க டோர் வைசர், ஏறி இறங்க சைடு ஸ்டெப், கூரைமேல் கேரியர், பின்னால் ஸ்பாய்லர், இரண்டு கூடுதல் விளக்கு. சாயந்திரம் வண்டி வீட்டுக்கு வரும்போது தொழிற்சாலையில் இல்லாத ஐந்தாறு பொருள்கள் அதன்மேல் ஏறியிருக்கும்.

லாரியும் பஸ்ஸும் வேறு கதை. கம்பெனியிலிருந்து வருவது பல நேரங்களில் சேஸிஸ் மட்டும்தான். பாடி முழுவதையும் நாமக்கல், திருச்செங்கோடு, கரூர் பட்டறைகள் கட்டி ஏற்றுகின்றன. எது வண்டியோடு பிறந்தது, எது பிறகு சேர்ந்தது என்று அங்கே கோடு கிழிக்க முடியாது.

இந்த இரண்டு உலகங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கேள்விதான் எழுகிறது. வெளியே மாட்டப்படும் பொருள் யாரைக் காக்கிறது? உள்ளே உட்கார்ந்திருப்பவரையா, ரோட்டில் போகிற அடுத்தவரையா, வெறும் பெயிண்டையா? நம் ஊர் வண்டிகளை இந்தக் கேள்வியோடு சுற்றிப் பார்த்தால் வருத்தமான ஒரு ஒழுங்கு தெரிகிறது. தன் வண்டியைக் கீறலிலிருந்து காக்கும் என்று நம்புவதை உரிமையாளர் தானே காசு கொடுத்து மாட்டுகிறார். அடுத்தவர் உயிரைக் காப்பதை எஃப்.சி. என்ற தகுதிச் சான்று வாங்குவதற்காக மட்டும் மாட்டுகிறார். சட்டமும் அமலாக்கமும் இந்த வேறுபாட்டைப் போதிய அளவு பார்க்கவில்லை என்பதே என் துணிபு.

சட்டம் என்ன சொல்கிறது

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 52ஆம் பிரிவுதான் அடிப்படை. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை யாரும் மாற்றக் கூடாது என்கிறது அது. 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இந்தக் கடுமை வந்தது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. மாநில விதிகளைக் காட்டி, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை விலக்க முடியாது என்று நீதிபதிகள் அருண் மிஸ்ராவும் வினீத் சரணும் தீர்ப்பளித்தார்கள். அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம் 182-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. அனுமதியில்லாமல் பாகங்களைப் பொருத்தி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

படிக்கத் தெளிவாக இருந்தாலும் நடைமுறையில் குழப்பம் இருக்கிறது. 52ஆம் பிரிவின் விளக்கமே, ‘மாற்றம்’ என்பது வண்டியின் அடிப்படைத் தன்மையை மாற்றுகிற கட்டமைப்பு மாற்றம் என்கிறது. நாலு போல்ட்டில் மாட்டி நாலு போல்ட்டில் கழற்றக்கூடிய ஒரு கம்பி, அடிப்படைத் தன்மையை மாற்றுகிறதா? டோர் வைசர் மாற்றுகிறதா? இதற்கு ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் ஒவ்வொரு பதில் கிடைக்கிறது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. அதே 182-ஏ, விதிக்கு உட்படாத உதிரிபாகத்தை விற்பவருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது உதிரிபாகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் வைத்திருக்கிறது. ஆனால் முக்கியப் பாதுகாப்பு உதிரிபாகம் என்று மத்திய அரசு அறிவித்தவற்றுக்கு மட்டுமே அது பொருந்தும். அறிவிப்பில் வராத பொருளை மாட்டிக்கொண்டு ரோட்டில் போகிறவர் குற்றவாளி, அதைக் கடை வாசலில் அடுக்கி விற்பவருக்கு அந்தப் பிரிவில் ஒன்றுமில்லை.

கிராஷ் கார்டு

இந்தத் துறையின் மொத்தச் சிக்கலையும் ஒரே பொருளில் பார்க்க வேண்டுமானால் கிராஷ் கார்டைப் பார்க்கலாம். புல் பார் என்றும் சொல்வார்கள். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதி, இது 52ஆம் பிரிவுக்கு எதிரானது, நடந்து போகிறவர்களுக்கும் வண்டிக்குள் இருப்பவர்களுக்கும் ஆபத்தானது, நடவடிக்கை எடுங்கள் என்றது. அதற்குப் பிறகும் நம் சாலைகளில் இதற்குப் பஞ்சமில்லை.

மாட்டுகிறவர்கள் சொல்லும் காரணம் பொய்யில்லை. சிக்னலில் ஆட்டோவும் பைக்கும் உரசுகின்றன. பிளாஸ்டிக் பம்பர் உடைந்தால் மாற்றிப் பெயிண்ட் அடிக்க ஆயிரக்கணக்கில் செலவு. இரவு கிராமச் சாலையில் மாடு குறுக்கே வரும், காட்டோரம் பன்றி வரும். இந்தப் பயத்தைக் கேலி செய்து பயனில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு இந்தக் கம்பி மருந்தில்லை, ஏன் என்று பார்ப்போம்.

காரின் முன்பக்கம் நசுங்குவதற்காகவே கட்டப்பட்டது. மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தின் பொறியாளர் பேலா பாரேனி, பயணிகள் அறை உறுதியாகவும் முன்னும் பின்னும் விட்டுக்கொடுப்பதாகவும் இருக்கும் உடலமைப்புக்கு 1952இல் காப்புரிமை பெற்றார். 1959இல் அது விற்பனைக் காரில் வந்தது. இன்று சின்னக் காரிலும் அதே கொள்கைதான். கணக்குப் போட்டால் காரணம் புரியும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் சுவரில் மோதி, முன்பக்கம் 60 செ.மீ. நசுங்கி நின்றால், உள்ளே இருப்பவர் உடல் சராசரியாகப் புவியீர்ப்பைப் போலச் சுமார் 16 மடங்கு விசையைத் தாங்க வேண்டும். நசுங்கும் தூரம் 20 செ.மீ.யாகக் குறைந்தால் அது ஏறக்குறைய 50 மடங்கு ஆகிறது. சேஸிஸ் நீட்டத்தோடு முடுக்கிய கனமான இரும்புச் சட்டம் செய்கிற காரியம் இதுதான். நசுங்க வேண்டியதை நசுங்க விடாமல் அதிர்ச்சியை நேரே உள்ளே அனுப்புகிறது.

ஏர்பேக்கும் இதோடு பின்னியது. வண்டியின் வேகம் எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதைச் சென்சார் அளந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் பையை விரிக்க முடிவெடுக்கிறது. அந்த அளவுகோலைத் தயாரிப்பாளர் தன் காரை மோதவிட்டுச் சோதித்து நிர்ணயிக்கிறார். முன்னால் ஒரு கம்பி கூடும்போது மோதலின் போக்கே மாறிவிடுகிறது. பை தாமதமாக விரியலாம், வேண்டாத இடத்தில் விரியலாம். நம் நாட்டில் ஓட்டுநருக்கு ஏர்பேக் 2019 ஜூலையிலிருந்து கட்டாயம், பக்கத்தில் உட்காருபவருக்கு 2021இல் கட்டாயமாயிற்று. காசு கொடுத்து வாங்கிய பாதுகாப்பை இன்னும் கொஞ்சம் காசு கொடுத்துக் கெடுத்துக்கொள்வதை நினைத்தால் மனம் பொறுப்பதில்லை. கடையில் மெல்லிய ஸ்டீல் பைப்பில் செய்ததும் கிடைக்கும், அதனால் கேடில்லை என்று சொல்வார்கள். சின்ன மோதலிலேயே அது பின்னால் வளைந்து பானெட்டையும் கிரில்லையும் குத்திவிடும். மிச்சம் பிடிக்க நினைத்த பெயிண்ட் செலவு அப்போது இரட்டிப்பாகிறது.

இது உள்ளே இருப்பவர் கதை. வெளியே இருப்பவர் கதை இன்னும் மோசம். பம்பருக்குள் இருக்கும் நுரையும், பானெட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே விடப்பட்ட இடைவெளியும் நடந்து போகிறவரின் கால், இடுப்பு, தலை ஆகியவற்றை மனதில் வைத்து அமைக்கப்படுகின்றன. ஏ.ஐ.எஸ்.-100 என்ற இந்தியத் தரநிலை இதற்கென்றே இருக்கிறது. கம்பி முன்னால் வந்ததும் அந்த ஏற்பாடு பயனில்லாமல் போகிறது. கம்பியின் மேல்விளிம்பு பெரியவருக்குத் தொடை உயரம், ஐந்து வயதுக் குழந்தைக்கு நெஞ்சு உயரம். 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். இதில் எத்தனை கம்பியால் என்று நம் புள்ளிவிவரம் பிரித்துச் சொல்வதில்லை, சொல்லியிருக்க வேண்டும்.

தடை ஒன்றுதான் வழி என்றும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் ஒரு நெறியாணை கொண்டுவந்தது. முன்பக்கப் பாதுகாப்புக் கம்பி எதுவாக இருந்தாலும், நடந்து போகிறவர் மேல் மோதும்போது என்ன ஆகிறது என்று சோதனையில் தேறிய பிறகே விற்கலாம். அது அமலுக்கு வந்த பிறகு சோதிக்காததைத் தனியாகவும் விற்க முடியவில்லை. இரும்புக் கம்பிகள் பெரும்பாலும் காணாமல் போய், வளைந்துகொடுக்கும் பொருளில் செய்தவை வந்தன. ஆஸ்திரேலியாவில் கங்காரு மோதுவது உண்மையான ஆபத்து. உள்நாட்டு நெடுஞ்சாலையில் உதவிக்கு ஆள் வர மணிக்கணக்காகும். அங்கே புல் பாரை ஒழிக்கவில்லை. 2002இல் தனித் தரநிலை எழுதினார்கள். வண்டியின் முகப்பு வடிவத்தை ஒட்டி இருக்க வேண்டும், கூரான முனை இருக்கக் கூடாது, ஏர்பேக் உள்ள வண்டி என்றால் அதோடு ஒத்துப்போக வேண்டும். நாம் இந்த இரண்டு வழியிலும் போகவில்லை. கடிதம் எழுதினோம், அவ்வப்போது நெடுஞ்சாலையில் நிறுத்தி அபராதம் போட்டோம், கடைகள் திறந்தே இருந்தன.

வெளிச்சம், கண்ணாடி, சத்தம், சுமை

அடுத்தவரை நேரடியாகக் குருடாக்கும் பொருள் விளக்கு. நம் பழைய கார்களில் பெரும்பாலும் எச்4 ஹாலோஜன் பல்ப். அதைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள். கண்ணாடிக்குள் இரண்டு இழைகள் இருக்கும். டிம் வெளிச்சத்துக்கான இழையின் அடியில் மட்டும் நகக்கண் அளவுக்கு ஒரு உலோகக் கிண்ணம் இருக்கும். அது இழையிலிருந்து கீழ்ப்பக்கம் போகும் வெளிச்சத்தை மறைக்கிறது. மறைக்காவிட்டால் அது ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் பட்டு மேலே எழும்பி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். ரிஃப்ளெக்டரின் வளைவும் அந்த இழை நிற்கும் இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் வைத்து வார்க்கப்பட்டது. இதே ஹோல்டரில் மலிவான எல்.இ.டி. பல்பைச் சொருகினால் வெளிச்சம் பிறக்கும் இடம் மாறுகிறது. மறைக்க வேண்டியதை மறைக்க முடிவதில்லை. ஓட்டுகிறவருக்கு முன்னால் பால் போல வெள்ளை தெரிகிறது, எதிரே வருகிற டி.வி.எஸ். 50காரருக்கு ரோட்டோரமே தெரிவதில்லை. 60/55 வாட் பல்புக்குப் பதிலாக 100/90 வாட் போடுவது பழைய வழக்கம், அதில் ஒயரும் ஹோல்டரும் உருகும் ஆபத்து கூடுதல். கிராஷ் கார்டு மேல் வரிசையாக வைக்கும் ஃபோகஸ் விளக்குகளைப் பற்றித் தனியாக எழுதத் தேவையில்லை.

கண்ணாடிக் கருப்பு பிலிம் விவகாரம் ஓரளவு தீர்ந்தது. முன், பின் கண்ணாடியில் 70 சதவீத வெளிச்சமும் பக்கக் கண்ணாடியில் 50 சதவீதமும் ஊடுருவ வேண்டும் என்பது விதி. 2012 ஏப்ரல் 27 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் எந்தப் பிலிமும் ஒட்டக் கூடாது என்றது. விதி 2021இல் திருத்தப்பட்டதைச் சுட்டி, அளவுக்குள் இருக்கும் பிலிமுக்கு அபராதம் போடக் கூடாது என்று 2024இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. அளக்கக் கருவி இருக்கிறது, அளவும் இருக்கிறது. மற்றப் பொருள்களுக்கும் இப்படி எண்ணில் விதி இருந்தால் எவ்வளவோ சண்டை மிச்சமாகும். பல ராகத்தில் அடிக்கும் ஏர் ஹாரன் 119ஆம் விதிப்படி எப்போதோ தடை. பஸ் ஸ்டாண்டுகளில் அவ்வப்போது பிடுங்கி ரோடு ரோலரில் நசுக்குகிறார்கள்.

கூரைக் கேரியர் விபத்துக்குக் காரணமாவது அபூர்வம், பர்ஸைக் கரைப்பதுதான் அதிகம். அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி, கூரைமேல் பெரிய பெட்டி வைத்தால் நகரத்தில் 2 முதல் 8 சதவீதமும், மணிக்கு 105 கி.மீ.யைத் தாண்டும் விரைவுச் சாலை ஓட்டத்தில் 10 முதல் 25 சதவீதமும் மைலேஜ் குறையும். அதே சுமையைப் பின்னால் மாட்டினால் இழப்பு மிகக் குறைவு. சபரிமலைக்கோ பழனிக்கோ போய்வந்ததும் கேரியரைக் கழற்றி வைப்பது நல்லது. உயரத்தில் சுமை ஏற ஏற வண்டி திருப்பத்தில் சாயும் என்பது டிரைவர்களுக்குத் தெரிந்ததுதான்.

வெளியே மாட்டியதற்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். கம்பெனி விலையில் அடங்காத மின்சாதனங்களுக்குப் பாலிசியில் ஐ.எம்.டி. 24 என்ற தனிச் சேர்க்கை உண்டு. பொருள் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் என்பது பழைய கட்டண விதி. சொல்லாமல் மாட்டியதற்கு ஈடு கேட்க முடியாது. அனுமதியில்லாத மாற்றம் விபத்துக்குக் காரணம் என்று சர்வேயர் எழுதிவிட்டால் மொத்த கிளைமும் இழுபறியாகும்.

காப்பவை

மாட்டுவதெல்லாம் கேடு என்று எண்ணிவிடக் கூடாது. நம் நாட்டு உடையையும் உட்காரும் வழக்கத்தையும் பார்த்து நம் சட்டமே கட்டாயமாக்கிய ஒரு பொருள் இருக்கிறது: பைக்கின் பின்சக்கரத்தை மறைக்கும் சேலை கார்டு. மத்திய மோட்டார் வாகன விதி 123, பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் இடம், துணி சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு ஆகியவற்றைக் கேட்கிறது. சேலை முந்தானையோ துப்பட்டாவோ ஸ்போக்கில் சுற்றினால் கழுத்தை இறுக்கிக் கீழே தள்ளிவிடும். அந்த வேதனை தெரிந்தவர்கள் எழுதிய விதி இது. அழகு கெடுகிறது என்று வாங்கிய வாரமே இதைக் கழற்றி மூலையில் போடும் இளைஞர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அம்மாவை ஒரு நாள் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கும், அப்போது அது வண்டியில் இருக்கட்டும்.

இன்னொன்று, மாற்றுத்திறனாளிகள் ஓட்டும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டர். இரண்டு பக்கமும் துணைச் சக்கரம், கையால் இயக்கும் பிரேக். தமிழ்நாடு அரசே இவற்றை விலையில்லாமல் வழங்குகிறது. 52ஆம் பிரிவு எவ்வளவு கடுமையாக இருந்தாலும், மாற்றுத்திறனாளிக்கு ஏற்ற வண்டியாக மாற்றிக்கொள்ளப் பதிவு அதிகாரியின் ஒப்புதலோடு வழிவிட்டிருக்கிறது. வேலைக்கும் கல்லூரிக்கும் யார் துணையும் இல்லாமல் போய்வர எத்தனையோ பேருக்கு இது கால் கொடுத்திருக்கிறது. வண்டியில் கூடுதலாகச் சேரும் எல்லாப் பொருளிலும் இதற்கே நான் முதலிடம் கொடுப்பேன்.

லாரியின் பின்பக்கம்

இந்தக் கட்டுரையில் எனக்கு மிக முக்கியமான இடம் இதுதான். 2022இல் நடந்த சாலை விபத்துகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல், முன்னே போகும் வண்டியைப் பின்னாலிருந்து மோதியவை. மோதப்படுவது லாரியாக இருந்தால் கார் லாரியின் அடியில் நுழைகிறது. லாரித் தளம் காரின் பானெட்டுக்கு மேலே, கண்ணாடிக்கு நேராக இருக்கிறது. நசுங்க வேண்டிய பம்பரும் முன்பக்கமும் எதிலும் மோதுவதே இல்லை. முதலில் மோதுவது கண்ணாடித் தூணும் உள்ளே இருப்பவர் தலையும். ஆறு ஏர்பேக் வைத்த காராக இருந்தாலும் இங்கே பலன் குறைவு.

இதைத் தடுக்கத்தான் லாரியின் பின்னால் குறுக்கே ஒரு இரும்புச் சட்டம். அமெரிக்காவில் இதற்கு ஒரு நடிகையின் பெயரையே வைத்துவிட்டார்கள். 1967 ஜூன் 29 அதிகாலையில், நியூ ஆர்லியன்ஸ் நோக்கிப் போன அந்த நடிகை ஜெய்ன் மான்ஸ்ஃபீல்டின் கார், கொசுமருந்துப் புகையில் மறைந்திருந்த டிரெய்லரின் பின்னால் நுழைந்தது. முன் இருக்கையில் இருந்த அவரும் மற்ற இருவரும் இறந்தார்கள். பின்னால் இருந்த அவருடைய மூன்று குழந்தைகள் பிழைத்தார்கள். அப்போதே அங்கே பின்சட்டத்துக்கு விதி இருந்தது, ஆனால் தரையிலிருந்து 30 அங்குலம் வரை உயரலாம் என்றது. கார் தாராளமாக நுழையும் உயரம் அது. அதை 22 அங்குலமாகக் குறைக்க 1998 ஆகிவிட்டது. மணிக்கு 56 கி.மீ. வேகத்தில் ஓரமாகப் பாதி மோதினாலும் தாங்க வேண்டும் என்ற விதி 2022இல்தான் வந்தது.

இந்தியாவிலும் விதி இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் பின்சட்டத்துக்கு ஐ.எஸ். 14812 என்ற தரத்தையும், பக்கவாட்டுத் தடுப்புக்கு ஐ.எஸ். 14682 என்ற தரத்தையும் கேட்கின்றன. பின்சட்டத்தின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 550 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. சட்டத்தின் உயரம் 100 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அச்சின் அகலத்தைவிட ஒவ்வொரு பக்கமும் 100 மி.மீ.க்கு மேல் குறையக் கூடாது. லாரியின் பின்விளிம்பிலிருந்து வெகுவாக உள்ளே தள்ளியும் இருக்கக் கூடாது. கார் முதலில் அதில் மோத வேண்டும், தளத்தில் மோதக் கூடாது என்பதே நோக்கம்.

இனி அடுத்த முறை டோல்கேட்டில் லாரிக்குப் பின்னால் நிற்கும்போது பாருங்கள். சட்டம் இருக்கும். சிலவற்றில் அது மெல்லிய ஆங்கிள், இரண்டு சின்னத் தாங்கியில் ஒட்டிக்கொண்டிருக்கும். மண் ஏற்றும் டிப்பரில் அன்லோடு செய்யும்போது இடிக்கிறது என்று மேலே மடக்கியிருப்பார்கள், அல்லது வளைந்து ஒரு பக்கம் தூக்கியிருக்கும். சில லாரிகளில் தளத்துக்கு அடியில் கை நீளம் உள்ளே தள்ளி வெல்டு வைத்திருப்பார்கள். எஃப்.சி.க்கு வரும் நாளில் அங்கே ஒரு இரும்பு இருந்தால் போதும் என்ற மனநிலைதான் இந்த நிலைக்குக் காரணம். பட்டறைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளில் பாடி கட்டும் வெல்டர்களின் கைத்திறன் சாதாரணமானதில்லை. தேக்கு மரச் சட்டத்திலிருந்து முழு இரும்புக்கு மாறிய தலைமுறை அவர்கள். எந்த அளவு இரும்பு, எத்தனை வெல்டு, எந்த உயரம் என்று உரிமையாளர் கேட்டால் அவர்கள் செய்து கொடுப்பார்கள். கேட்பதில்லை. முன்பக்கம் பெயர்ப்பலகைக்கும் ஓவியத்துக்கும் கேட்கும் அக்கறையில் நாலில் ஒரு பங்கு பின்பக்கத்துக்குக் கேட்டால் போதும்.

பக்கவாட்டுத் தடுப்பின் கதையும் அதேதான். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள பெரிய இடைவெளியில், லாரி இடப்பக்கம் திரும்பும்போது பைக்காரரும் சைக்கிள்காரரும் உள்ளே இழுபடுகிறார்கள். மூன்று கம்பி குறுக்கே இருந்தால் வெளியே தள்ளப்படுவார்கள். 2022இல் இறந்தவர்களில் ஏறக்குறைய 75,000 பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள் என்பதை இங்கே நினைக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட மலிவானது ஒளி திருப்பும் ஸ்டிக்கர். முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்று ஏ.ஐ.எஸ்.-090 தரநிலை சொல்கிறது. இரவில் ரோட்டோரம் பிரேக்டவுன் ஆகி நிற்கும் லாரி, டெயில் லைட் எரியாவிட்டாலும் இதனால் தூரத்திலேயே தெரியும். தரமில்லாத ஸ்டிக்கர் ஒரு மழைக்காலத்தில் வெளுத்துவிடும், நல்லதும் சேறு படிந்தால் பயன்படாது. கடலூர், விழுப்புரம் பக்கம் கரும்பு அறுவடைக் காலத்தில் டிராக்டர் டிரெய்லர்கள் வண்டியைவிட அகலமாகச் சுமை ஏற்றிக்கொண்டு இருட்டில் போகும். பின்விளக்கையும் ஸ்டிக்கரையும் கரும்புத் தோகை மூடியிருக்கும். அந்தச் சுமையின் மேலேயே தொங்கவிட ஒரு சிவப்பு ஒளிப்பட்டையைச் சர்க்கரை ஆலைகளே கொடுக்கலாம்.

பாடி கட்டுவதில் அரசு உறுதியாக நின்றால் மாற்றம் வரும் என்பதற்குச் சான்றும் உண்டு. பஸ்ஸுக்கு ஏ.ஐ.எஸ்.-052, லாரிக்கு ஏ.ஐ.எஸ்.-093 என்று பாடி விதிகள் வந்தபோது கரூர் பஸ் பட்டறைகள் தயங்கினாலும் பிறகு ஏற்றுக்கொண்டு வளர்ந்தன. 2025இல் கனரக லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயமானது. டிரைவரின் உடம்பைப் பற்றி விதி எழுத முடிந்த அமைச்சகத்துக்கு, லாரியின் பின்னால் வருபவர் உயிரைப் பற்றிய விதியை அமல்படுத்தவும் முடியும்.

இலங்கை அனுபவமும் நமக்குப் பாடம். 2025 ஜனவரியில், ‘கிளீன் ஸ்ரீ லங்கா’ திட்டத்தோடு சேர்த்து, பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் அனுமதியில்லாமல் மாட்டிய கூடுதல் பொருள்களைப் பொலிஸார் கழற்றத் தொடங்கினார்கள். தனியார் பஸ், முச்சக்கர வண்டிச் சங்கங்கள் எதிர்த்தன, பிறகு அவகாசம் கொடுக்க வேண்டியதாயிற்று. உயிருக்கு ஆபத்தான கம்பியையும் சாமி படத்தைச் சுற்றிய விளக்குச் சரத்தையும் ஒரே தராசில் வைத்தால் மக்கள் எதிர்க்கத்தான் செய்வார்கள்; உண்மையான ஆபத்தும் அந்த எதிர்ப்பில் மறைந்துபோகும்.

செய்ய வேண்டியது

முதல் வேலை, வெளியே மாட்டும் பொருள்களைத் தரம் பிரித்து ஒரு பட்டியல். தடை செய்தது, சோதித்து முத்திரை பெற்றால் மட்டும் விற்கக்கூடியது, தாராளமாக மாட்டிக்கொள்ளக்கூடியது என்று வெளிப்படையாக அறிவித்தால் போலீஸ்காரருக்கும் வண்டிக்காரருக்கும் சாலையில் வாக்குவாதம் இருக்காது. அடுத்தது, கிராஷ் கார்டையும் எல்.இ.டி. ஹெட்லைட் பல்பையும் முக்கியப் பாதுகாப்பு உதிரிபாகப் பட்டியலில் சேர்த்து, கேள்வி விற்பவரிடம் தொடங்க வேண்டும். ஷோரூம்களே டெலிவரி நேரத்தில் ஆக்சஸரீஸ் பேக்கேஜ் என்று கட்டாயப்படுத்தித் தலையில் கட்டுவதும் அப்போது நிற்கும். மூன்றாவதை நான் மிகவும் வலியுறுத்துவேன்: மோட்டார் வாகன ஆய்வாளர் லாரிக்கு எஃப்.சி. கொடுக்கும் முன் பின்பக்கம் போய்க் குனிந்து, டேப் பிடித்து அளக்க வேண்டும். மாட்டியதைக் கழற்றச் சொல்லும் அதே கண்டிப்பு, மாட்டாததை மாட்டச் சொல்வதிலும் வேண்டும்.

கார் வைத்திருப்பவர்களுக்கு: கிராஷ் கார்டு இருந்தால் இந்த வாரமே கழற்றிவிடுங்கள், மெக்கானிக்குக் கொஞ்ச நேர வேலைதான். லாரி வைத்திருப்பவர்களுக்கு: பின்சட்டத்தின் கீழ்விளிம்பிலிருந்து தரை வரை இன்றே அளந்து பாருங்கள். 55 செ.மீ.க்கு மேல் இருந்தால் அடுத்த லோடு ஏற்றும் முன் பட்டறைக்கு விடுங்கள்.